சர்வாதிகார ஆட்சியில் அரசியல் சூழ்ச்சிக்குள் மாட்டிக்கொண்ட வெளிநாட்டவரை அவருடைய பாஸ்போர்ட் காப்பாற்றுமா?

சில சமயம் காப்பாற்றும், சில சமயம் அதுவே எமனாகும். அந்த ஆள் தப்பு செய்தாரா இல்லையா என்பதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அந்த வாரத்தில் அவரை வைத்து ஆட்சியாளர் என்ன சாதித்துக்கொள்ள முடியும் என்பதுதான் கணக்கு.

1971 முதல் 1979 வரை உகாண்டாவை ஆண்ட ராணுவச் சர்வாதிகாரி இடி அமினின் காலத்தைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் பதிலையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் டெனிஸ் ஹில்ஸ். பிரிட்டிஷ்காரர், உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஆங்கிலம் கற்பித்தவர், வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஊர் சுற்றுவதும் பார்த்ததை எழுதி வைப்பதும் அவர் சுபாவம். அப்படி எழுதிய, இன்னும் அச்சுக்குப் போகாத ஒரு புத்தகத்தின் பிரதி அமினின் ஆட்கள் கையில் சிக்கியது. அதில் அமினைக் கிராமத்துக் கொடுங்கோலன் என்றும் கறுப்பு நீரோ (கொடுமைக்குப் பேர்போன ரோமானியப் பேரரசன்) என்றும் எழுதியிருந்தார். 1975 ஏப்ரலில் கைது. ஜூனில் ராணுவ நீதிமன்றம் அவரைத் துரோகி என்று சொல்லிச் சுட்டுக் கொல்ல உத்தரவிட்டது.

வெளிவராத புத்தகத்தில் இருந்த இரண்டு வசைச் சொற்களுக்கு மரண தண்டனை! பார்க்கப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் தீர்ப்புக்குப் பின்னால் அமின் கேட்டவற்றைப் பாருங்கள், பைத்தியம் தெளிந்துவிடும். பிரிட்டிஷ் ஊடகங்கள் தன்னைத் திட்டுவதை நிறுத்த வேண்டும். பிரிட்டனில் இருந்துகொண்டு தன்னை எதிர்க்கும் உகாண்டாக்காரர்களை வெளியேற்ற வேண்டும். ராணுவத் தளவாடங்களுக்கு உதிரிபாகம் வேண்டும். ஹில்ஸ் என்ற மனிதர் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. அவர் பிணைப்பொருள், அவ்வளவுதான்.

எலிசபெத் அரசியின் கடிதத்தோடு லண்டனிலிருந்து இருவர் போனார்கள். ஒருவர் ஜெனரல் சாண்டோஸ் பிளேர், இன்னொருவர் மேஜர் இயன் கிரஹாம். யாரையோ பிடித்து அனுப்பவில்லை. காலனி காலத்தில், கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைபிள்ஸ் படையில் அமின் இருந்தபோது அவருக்கு மேலதிகாரிகளாக இருந்தவர்கள் இவர்கள். பழைய துரை சொன்னால் கேட்பான் என்ற நப்பாசை. அமின் அவர்களை வடமேற்கு உகாண்டாவில் அருவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு கூரைக் குடிசைக்கு வரவழைத்தார். வாசல் தாழ்வு, குனியாமல் உள்ளே நுழைய முடியாது. அரசியின் தூதர்கள் தன் முன்னால் தலைகுனிந்து வந்தார்கள் என்று காட்ட அவருக்கு அது போதுமானதாக இருந்தது. குடிசையைத் தேர்ந்தெடுத்த அந்த மூளையை நான் பல தடவை வியந்திருக்கிறேன். அமினைக் கோமாளி என்று எழுதித் தள்ளுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அதற்கும் ஹில்ஸை விடவில்லை. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் கலாஹன் நேரில் வர வேண்டும் என்றார். அண்டை நாடான ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டு நடுவில் நின்று பேசினார். ஜூலை 10 அன்று கலாஹன் கம்பாலாவில் இறங்கி, ஹில்ஸைக் கூட்டிக்கொண்டு போனார். அதே மாதக் கடைசியில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாடு கம்பாலாவில் நடக்க இருந்தது, அதற்குத் தலைவராகப் போகிறவர் அமின். பிரிட்டன் அமைச்சரையே என் வீட்டு வாசலுக்கு வரவைத்தேன் என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? அந்த ஜூலையிலேயே நான்கு பிரிட்டிஷ் வியாபாரிகள் அவரை நாற்காலிப் பல்லக்கில் சுமந்து செல்லும் படமும் உலகமெங்கும் வந்தது. ஆக, ஹில்ஸ் பிழைத்தது அவருக்கு விலை இருந்ததால்.

சரி, விலை இல்லாமல் போனால்? அடுத்த வருடமே அதுவும் நடந்தது.

டோரா பிளாக், எழுபதைத் தாண்டியவர், இஸ்ரேல், பிரிட்டன் இரண்டுக்கும் குடிமகள். மகன் கல்யாணத்துக்காக நியூயார்க் போய்க்கொண்டிருந்தார். 1976 ஜூன் 27 அன்று அவர் இருந்த ஏர் பிரான்ஸ் விமானம் கடத்தப்பட்டு, கடைசியில் உகாண்டாவின் என்டெபி விமான நிலையத்தில் இறங்கியது. தொண்டையில் உணவு சிக்கிக்கொண்டதால் அவரைக் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஜூலை 3 நள்ளிரவில் இஸ்ரேல் கமாண்டோக்கள் வந்து பணயக்கைதிகளை மீட்டுக்கொண்டு பறந்தபோது இவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார்.

மறுநாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். உயிரோடு இருந்தார், பேசினார். அவருக்குச் சாப்பிட ஏதாவது கொண்டுவருகிறேன் என்று அதிகாரி போனார். திரும்பி வந்தபோது அவரை உள்ளேயே விடவில்லை. கிழவியை அமினின் ஆட்கள் இழுத்துப் போய்க் கொன்றுவிட்டார்கள். மீட்பு நடப்பதற்கு முன்பே அவரை விமான நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று உகாண்டா அரசு சாதித்தது. அவரை உயிரோடு பார்த்த தூதரக அதிகாரி இருக்கும்போதே சொன்ன பொய் இது. அமின் வீழ்ந்த பிறகுதான், 1979ல், நகருக்கு வெளியே ஒரு கரும்புத் தோட்டத்தில் உடல் கிடைத்தது.

பேரம் பேச எதுவும் மிச்சமில்லாத நாள் அது. தன் மண்ணிலேயே நடந்த மீட்பால் வந்த அவமானத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு ஆள் மட்டும் தேவைப்பட்டது. பிரிட்டன் அந்த மாதக் கடைசியில் தூதரக உறவை முறித்துக்கொண்டது. அதற்குமேல் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு வகை, கேள்வி கேட்கப் போனவர்கள். நிக்கோலஸ் ஸ்ட்ரோ பத்திரிகையாளர், ராபர்ட் சீடில் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். இரண்டு அமெரிக்கர்களும் 1971 ஜூலையில், ம்பராரா படைமுகாமில் சிப்பாய்கள் கொத்தாகக் கொல்லப்பட்டதை விசாரிக்கப் போனார்கள், காணாமல் போனார்கள். விசாரணைக்கு நியமிக்கப்பட்ட நீதிபதி ஜெஃப்ரீஸ் ஜோன்ஸும் பிரிட்டிஷ்காரர்தான். ராணுவ அதிகாரிகள்தான் கொன்றார்கள் என்ற தன் முடிவை, நாட்டை விட்டு வெளியேறிய பிறகே அவரால் அனுப்ப முடிந்தது.

பாஸ்போர்ட்டே பகையான கதையும் உண்டு. 1972 ஆகஸ்டில் உகாண்டாவில் வாழ்ந்த ஆசியர்களுக்கு (பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர்) நாட்டை விட்டு வெளியேற 90 நாள் கெடு விதித்தபோது அமின் முதலில் குறிவைத்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களைத்தான். அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் உள்ளே விட வேண்டிய பிரிட்டன் 1968லேயே சட்டம் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தது. பின்னர் 27 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றுக்கொண்டது, அது வேறு விஷயம்.

கடைசியாக, சிங்கத்தின் குகைக்குள்ளேயே குடியிருக்கலாம் என்று நினைத்தவர் பாப் ஆஸ்ட்லஸ். முன்னாள் பிரிட்டிஷ் சிப்பாய், முதலில் அமினுக்கு முன் அதிபராக இருந்த ஒபோட்டேயிடம் இருந்தார். அமின் ஆட்சியைப் பிடித்ததும் மக்கிண்டியே சிறையில் போட்டார். அங்கிருந்து வெளியே வந்தவர் அமினுக்கே ஆலோசகர் ஆனார். 1975ல் சில வெள்ளைக்காரர்கள் அமின் முன் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்களே, அதில் இவரும் ஒருவர். நண்பர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த நேரமும் திரும்ப உள்ளே போகலாம் என்று தெரிந்த ஒருவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படித்தான் நடந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது.

1979ல் அமின் தப்பி ஓடினார். ஆஸ்ட்லஸும் விக்டோரியா ஏரியைப் படகில் கடந்து கென்யாவுக்கு ஓடினார், ஆனால் கென்யா திருப்பி அனுப்பிவிட்டது. கொலை வழக்கில் நீதிமன்றம் விடுவித்தும் 1985 வரை சிறையில் கிடந்தார். ஹில்ஸுக்கு வந்ததுபோல அவருக்காக லண்டனிலிருந்து எந்த அமைச்சரும் விமானம் ஏறவில்லை.