பங்குனியில் வருகிறேன்

கேள்வி: சென்ற இதழில் ஒரு வீட்டுத்தோட்ட நூலை ‘அட்டை போட்ட நர்சரி விலைப்பட்டியல்’ என்று எழுதியிருந்தீர்கள். தோட்டம் அவரவர் ஆசைக்கு வைப்பது. அதில் விமர்சனத்துக்கு என்ன வேலை? பூத்தால் நல்ல தோட்டம், பூக்காவிட்டால் உரம் போட வேண்டும், அவ்வளவுதானே? மார்கழியில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். குறை சொல்ல உங்களுக்கே மனம் வராது.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆசைக்கு வைப்பது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கவிதை எழுதுவதும் வீடு கட்டுவதும்கூட ஆசைக்குத்தான்; அவற்றை யாரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை என்று சொல்வதில்லை. அதிலும், ‘இப்படி வையுங்கள்’ என்று அச்சிட்டு விலையும் குறித்து விற்கும்போது, அது எழுதியவரின் சொந்த ஆசை என்ற கட்டத்தைத் தாண்டிவிடுகிறது. நம்பி வாங்குகிறவரின் கிணற்றுத் தண்ணீர் அதில் செலவாகிறது.

தண்ணீரிலிருந்துதான் இந்தப் பேச்சைத் தொடங்கவும் வேண்டும். நம் கொங்குப் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்கிறோம். கிணற்றை நம்பி இறவைப் பாசனம் நடக்கும் நிலத்தைத்தான் தோட்டம் என்கிறோம். வாய்க்கால் பாய்ந்தால் அது வயல். சம்பந்தம் பேசப் போன இடத்தில் ‘தோட்டம் எத்தனை ஏக்கர், காடு எத்தனை ஏக்கர்’ என்று கேட்கும் பெரியவர் உண்மையில் விசாரிப்பது நிலத்தின் பரப்பை அல்ல, தண்ணீரை. இவ்வளவு கணக்கான ஒரு சொல்லை வைத்திருக்கும் ஊரில், கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலின் ஈரத்தில் இருக்கும் உங்கள் வீட்டுக்கும், போர் போட்டும் உப்புத் தண்ணீரே கிடைக்கும் மூலனூர் வீட்டுக்கும் ஒரே செடிப் பட்டியலைத் தருகிற நூலை வேறு எப்படி அழைப்பது?

அந்த நூலில் புல்தரைக்கு ஒன்பது பக்கங்கள். தண்ணீருக்கு ‘தேவையான அளவு பாய்ச்சவும்’ என்று ஒரே ஒரு வரி. தேவையான அளவு எவ்வளவு? கோடையில் புல் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1000 சதுர அடிக்கு, அதாவது சுமார் 93 சதுர மீட்டருக்கு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 465 லிட்டர் வேண்டும். மாதக் கணக்கில் அது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றுக்கும் மேலே போகிறது. இந்தப் பெருக்கலை ஆசிரியர் செய்து காட்டியிருந்தால், வாசகர் புல்தரை போடுவதா வேண்டாமா என்பதைத் தாமே முடிவு செய்திருப்பார்.

உரம் போட்டால் போதும் என்கிறீர்கள். சுக்கான் மண்ணில், அதாவது சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணில், வைத்த இட்லிப்பூச் செடியின் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: இலை மஞ்சளாகவும், நரம்புகள் மட்டும் வலை பின்னியதுபோலப் பச்சையாகவும் இருக்கும். மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அது கரைந்து வேருக்குக் கிடைப்பதில்லை. கடின நீரை ஊற்ற ஊற்ற நிலைமை மோசமாகும். நூலாசிரியர் இதற்கு யூரியா போடச் சொல்கிறார். அந்தச் செடியை அந்த மண்ணில் வைத்ததே பிழை என்று சொல்வதற்குத்தான் விமர்சனம் வேண்டியிருக்கிறது.

பட்டியல் போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அருவியில் நீராடிய பெண்கள் அவற்றைத் தேடிப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள் என்பதால் அந்தப் பட்டியலுக்குள் மலையும் மனிதரும் இருக்கிறார்கள். நம் நூலில் நர்சரிக்காரர் மட்டுமே இருக்கிறார்.

இனி அமைப்பு. பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில், நிபுணரை வைத்துப் போட்ட தோட்டத்தைப் பார்த்தேன். மேற்கு மதிலோரம் வரிசையாக விசிறி வாழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இலைகள் ஒவ்வொன்றும் கிழிந்த ரிப்பன் கட்டாகத் தொங்கின. முன்புறம் புல்தரை, அதன் நடுவே சிமென்ட் மான். வீட்டார் யாரும் அங்கே உட்காரவில்லை. பின்கட்டில், துவைக்கும் கல்லின் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையும் கறிவேப்பிலையும், அவற்றுக்கு அருகே ஒரு வேப்பமரமும், மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டிலும் இருந்தன. எங்களுக்குக் காபி அங்கேதான் வந்தது. அந்த வீட்டின் தோட்டம் அதுதான். நிபுணரின் வரைபடத்தில் அந்த இடம் ‘சர்வீஸ் ஏரியா’ என்று வெறுமையாக விடப்பட்டிருந்தது.

நல்ல அமைப்பு எப்படி இருக்கும் என்று கேட்பீர்களானால், காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலத்தைக் காட்டுவேன். போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும் கிளுவை வேலியாகிறது. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும். ஒரு துண்டில் மாடு மேயும்போது மறு துண்டு தழைக்கிறது. வறட்சியில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும். அழகுக்காக யாரும் போட்டதல்ல என்றாலும், புல்லின் வெளிர்நிறத்துக்கு மேலே வெள்வேலத்தின் குடைநிழல் மாலையில் நீளும் காட்சிக்கு ஈடான ஒன்றை இங்குள்ள எந்தப் பூங்காவிலும் நான் பார்த்ததில்லை. அதை அப்படியே வீட்டு முற்றத்தில் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் நம் மண்ணில் தோட்டம் பற்றி நூல் எழுத வருகிறவர் கிளுவை என்ற சொல்லை ஓரிடத்திலாவது எழுதியிருக்க வேண்டும்.

அழைப்புக்கு நன்றி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த மார்கழியில் ரோட்டோரக் குப்பைமேடுகூடப் பச்சையாகத்தான் இருக்கும் என்பதால், பங்குனிக் கடைசியில், வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருக்கும் ஒரு நாளாகப் பார்த்து, பிற்பகல் மூன்று மணிக்கு வருகிறேன். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே உட்காருவீர்களோ, எனக்கும் அங்கேயே ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.