வீட்டுப் பட்டறையில் கத்தி அடிக்க, 20 டன் கை ஜாக்கி வைத்து ஹைட்ராலிக் பிரஸ் கட்டினால் போதுமா?

போதாது. டன்னில் குறை இல்லை, வேகம்தான் இல்லை. உலையிலிருந்து எடுத்த எஃகு, அதை அழுத்தும் அச்சான டையைத் தொட்டதுமே சூட்டை இழக்க ஆரம்பிக்கும். நீங்கள் ஜாக்கியை அடித்து முடிப்பதற்குள் அது ஆறிப்போய் அமுங்க மறுக்கும். நொடிக்கு 20 மி.மீ. அளவில் இறங்கினால் வேலை நடக்கும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 125 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டருக்கு 175 பார் அழுத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 22 டன் விசை. அது அந்த வேகத்தில் நகர நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆயில் வேண்டும். பம்பின் இழப்பையும் சேர்த்தால் சுமார் 5 கிலோவாட், அதற்கு 7.5 ஹெச்பி மோட்டார். வீட்டில் த்ரீ ஃபேஸ் இல்லையா? விறகு பிளக்கும் மெஷினில் வரும் இரண்டு நிலை பம்ப் பாருங்கள். சும்மா இறங்கும்போது நிறைய ஆயில் தள்ளும், எதிர்ப்பு வந்ததும் அளவைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். சின்ன மோட்டாரே சமாளிக்கும், ஆனால் அழுத்தும் வேகம் குறையும்.

டை விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். அகலத் தட்டை டை விசையைப் பரப்பிவிடும், சூட்டையும் உறிஞ்சும். இரும்பை நீட்ட, முனை உருண்ட குறுகிய டைதான் சரி. தட்டை டை கடைசியில் சமன் செய்ய மட்டும்.

அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு கட்டாயம். ஹோஸ்களைச் சூடான இரும்பு படாதபடி மூடி வையுங்கள், பீறிடும் ஆயில் தீப்பிடிக்கும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித்துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி பெரிதாக இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.