ஹிந்தி தெரியாமல் அம்மாவுடன் காசிக்குப் போனால் கடைவீதியில் ஏமாந்துவிடுவோமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் டெல்லி மயூர் விஹாரில் 18 வருடமாக இருக்கிறேன். ஆட்டோக்காரரிடம் சண்டை போடும் அளவுக்கு ஹிந்தி வரும். காசியில் ஏமாந்தது நான்தான். ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாத என் மாமியார் ஏமாறவில்லை.

2023 பிப்ரவரியில் அவரை அழைத்துப் போயிருந்தேன். விசுவநாதர் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலுக்கு முன்பே ஒரு கடைக்காரர், லாக்கர் இலவசம் என்று கூப்பிட்டார். போனை வைத்துப் பூட்டிய பிறகு, பூக்கூடை வாங்கினால்தான் சாவி என்றார். பால், பூ, ஒரு பேடா டப்பா, 600 ரூபாய். வரிசை நீள்கிறதே என்ற பதற்றத்தில் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை மாமியார் அறையில் படுத்திருந்தார். நான் மட்டும் கொதோலியா கடைவீதிப் பக்கம் போனேன். ரிக்‌ஷாக்காரர், நெசவாளர் வீட்டிலேயே வாங்கலாம் என்று ஓர் இடத்தில் இறக்கிவிட்டார். நான் ஹிந்தியில் பேசப் பேச, ‘தீதி’, அதாவது அக்கா, என்று உறவு கொண்டாடி, டீ வரவழைத்து, 40 புடவை விரித்துப் போட்டார்கள். அதற்கப்புறம் வெறுங்கையோடு எழுந்து வர மனசு வரவில்லை. 9,000 ரூபாய்க்கு ஒரு பனாரஸ் பட்டு. டெல்லியில் ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தபோது தையல்காரர் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது விசைத்தறி என்றார். கைத்தறியில் துணியை விறைப்பாகப் பிடிக்க இரு கரையிலும் ஊசி குத்துவார்களாம். அந்தத் துளைகள் வரிசையாகத் தெரிய வேண்டும். என் புடவையில் ஒன்றுகூட இல்லை.

மாமியார் கதைக்கு வருகிறேன். அவர் நாச்சியார்கோவில்காரர். குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். மறுநாள் டட்டேரி பஜாரில், பித்தளைக் கடைகள் இருக்கும் அந்தச் சந்தில், அன்னபூரணி சிலை பார்த்தோம். முதல் கடையில் கையில் தூக்கி, கவிழ்த்து அடியைப் பார்த்தார். “உள்ள அரக்கு வச்சு அடைச்சிருக்கான், கனமெல்லாம் பித்தளை இல்ல, வா” என்று கீழே வைத்துவிட்டார். அடுத்த கடையில் 2,200 ரூபாய் சொன்னார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை, தராசைக் கைகாட்டினார். கடைக்காரர் என்னிடம் ஹிந்தியில் வேலைப்பாடு, ராசி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமியாருக்கு அது எதுவும் புரியவில்லை, அதனால் மனசும் மாறவில்லை. கடைசியில் எடை போட்டு 1,300 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

காசிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அதே ஊரில் ஒரு கடைக்காரர் நாங்கள் மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். ஹிந்தி கற்காதீர்கள் என்றும் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு அந்த மொழி சோறு போடுகிறது.

கோயில்களில் உங்களுக்குக் கஷ்டமே இருக்காது. விசாலாட்சி கோயில் நகரத்தார் பராமரிப்பில் இருக்கிறது. அர்ச்சகர் எங்களிடம் தமிழில் ஊர் விசாரித்தார். நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூஜைப் பொருள்கள் போவது 200 வருடத்துக்கு மேல் நடக்கிறது. அவற்றைச் சுமந்து வருபவர்கள் ‘சம்போ’ என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அந்தக் குரல் கேட்டால் அம்மாவை நிறுத்திக் காட்டுங்கள், என் மாமியார் அங்கே அழுதுவிட்டார். அனுமான் காட் படித்துறைப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பாரதியார் இளம் வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அங்கேதான்.

     

சரி, உங்களுக்கு. போனை அறையிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். பட்டுப் புடவை வாங்கினால் அம்மாவையும் கூட்டிப் போய், கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிக்‌ஷாக்காரர் காட்டும் கடை வேண்டாம்.