கத்தியா, கத்துறதா?

கேள்வி: ஆசிரியர் சார், அனிமேல கென்ஷின், ஸோரோ, தஞ்சிரோன்னு எல்லா ஹீரோவும் டெக்னிக் பேரை கத்தி கத்தி எதிரியை வெட்டுறாங்க. இந்த கத்தி டெக்னிக்லாம் நிஜ சண்டையில ஒர்க் ஆகுமா, இல்ல சும்மா பில்டப்பா? ஆகும்னு என் ஃப்ரெண்டு பந்தயம் கட்டியிருக்கான்.
– பதினொன்னாம் கிளாஸ் வாசகர் ஒருவர்

பதில்: தம்பி, உங்க கேள்வி ப்ரூஃப் பார்க்கிற அண்ணன் டேபிளுக்குப் போச்சு. "கத்தி கத்தி"ல ஒரு கத்தியை அடிச்சிட்டாரு, தப்பா ரெண்டு தடவை டைப் ஆயிருக்காம். மிச்சம் இருந்த கத்தியை எல்லாம் "வாள்"னு மாத்திட்டாரு. "வாள் எதிரியை வெட்டுறாங்க"ன்னு படிச்சுட்டு நான் அரை மணி நேரம் முழிச்சேன். அவருக்கு கத்தின்னா காய் நறுக்க, வாள்னா ஆளை வெட்ட, இதை மாத்தி எழுதுனவன் தமிழனே இல்ல. அண்ணே, முதல்ல வர்ற ரெண்டு கத்தியும் இடுப்புல இருக்கிறது இல்ல, வாயில இருந்து வர்றதுன்னு சொன்னேன். "அப்ப கூவின்னு போட வேண்டியதுதானே"ங்கிறாரு. பத்து வருஷமா இவரோட இதே பாடுதான்.

ஆனா உங்க கேள்வியில எனக்குப் பிடிச்சதே அந்த முதல் கத்திதான். ஏன்னா அனிமேல இருக்கிற அத்தனையிலயும் நிஜத்துக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிறது அந்தக் கத்தல்தான்.

கெண்டோங்கிற ஜப்பான் வாள் விளையாட்டைப் பார்த்திருப்பீங்க, முகத்துக்கு இரும்புக் கம்பி போட்ட கவசம், கையில நாலு மூங்கில் பட்டையைச் சேர்த்துக் கட்டின ஷினாய். அதுல அடி விழுந்துட்டா மட்டும் பாயின்ட் வந்துடாது, எந்த இடத்தை அடிக்கிறீங்களோ அந்த இடத்தோட பேரை வாய்விட்டு கத்தணும். தலைன்னா "மென்", மணிக்கட்டுன்னா "கொத்தே", விலான்னா "தோ", தொண்டையில குத்துனா "ட்ஸுகி". குரல், வாள், உடம்பு மூணும் ஒரே நொடியில வந்து விழணும். மூணு ரெஃப்ரி சிவப்பு வெள்ளைக் கொடியோட நிக்கிறாங்கல்ல, அதுல ரெண்டு பேராவது கொடி தூக்குனாத்தான் கணக்கு. வாயை மூடிக்கிட்டு எவ்ளோ அழகா அடிச்சாலும் கொடி ஏறாது. அடிச்சு முடிச்சிட்டு கையைத் தூக்கி குதிச்சா வந்த பாயின்டையும் பிடுங்கிருவாங்க, எதிரி மேல இன்னும் கவனம் இருக்கணுமாம். அப்படிப் பார்த்தா எதிரிக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, மெதுவா உறையில சொருகுற அத்தனை ஹீரோவும் அவுட்.

இன்னொன்னு, கத்தும்போது மூச்சு வெளிய போகுது, வயிறு இறுகுது. எதிரி மூச்சை உள்ள இழுக்கிற நேரம் பார்த்து அடின்னு கெண்டோ வாத்தியாருங்க சொல்லிக் குடுக்கிறது இதுக்குத்தான். அதனால தஞ்சிரோவோட "மூச்சு டெக்னிக்"ல தண்ணி பொங்கி வர்றது மட்டும்தான் கப்சா, மூச்சை வச்சு சண்டை போடுறது கப்சா இல்ல.

கத்துறதுல உலக சாம்பியன் யாருன்னா சட்சுமாக்காரங்க, இப்ப ககோஷிமான்னு சொல்ற ஊரு. அவங்க ஜிகென் ர்யூ பள்ளியில பயிற்சின்னா என்னன்னு நினைக்கிறீங்க, மண்ணுல ஒரு கட்டையை நட்டு வச்சுட்டு கம்பால அடிக்கிறது. காலையில மூவாயிரம், சாயங்காலம் எட்டாயிரம்னு ஒரு பேச்சுக் கணக்கு. அடிக்கும்போது தொண்டை கிழிய ஒரு சத்தம், அதுக்கு ஜப்பான்காரனே "குரங்கு அலறல்"னு பேர் வச்சிருக்கான். முதல் வெட்டுலயே ஆள் விழணும், ரெண்டாவது வெட்டை நினைச்சே பார்க்காதேங்கிறது அவங்க கொள்கை. 1877-ல அதே சட்சுமா சாமுராய்ங்க அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பினப்ப, தபருசாகாங்கிற மேட்டுல அவங்களோட மல்லுக்கட்டுறதுக்குன்னே வாள் பிடிக்கத் தெரிஞ்ச போலீஸ்காரங்களைப் பொறுக்கி ஒரு தனிப்படை அனுப்ப வேண்டியதாப் போச்சு, அரசாங்கத்துக்கிட்ட துப்பாக்கி பீரங்கி எல்லாம் இருந்தும்.

அந்தக் குரங்குச் சத்தத்துக்கு முன்னாடி நம்ம கென்ஷினை நிறுத்திப் பாருங்க. "ஹிதென் மிட்சுருகி ர்யூ... அமகக்கேரு ர்யூ நோ ஹிராமெகி!" இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த சட்சுமா ஆளு ஒரே போடு போட்டு, துடைச்சு, டீ குடிக்கப் போயிருப்பான். "மென்"ங்கிறது ஒரே எழுத்தசை, அதுவும் அடியோட சேர்ந்து வருது. அனிமேல முதல்ல பேரு, அப்புறம் ஃப்ளாஷ்பேக், அம்மா சாவு, மழை, அதுக்கப்புறம்தான் வெட்டு.

சரி, உங்க ரெண்டாவது கத்திக்கு, அதான் வெட்டுற கத்திக்கு வர்றேன். கென்ஷின் செய்யுற பட்டோஜுட்சு, அதாவது உறையில இருந்து உருவுற வேகத்துலயே வெட்டுறது, அது நிஜமான கலை. 16-ஆம் நூற்றாண்டுல ஹயாஷிசாகி ஜின்சுகேங்கிறவர்ல இருந்து பரம்பரை சொல்லுவாங்க, இன்னிக்கும் இயாய்தோன்னு கத்துக்கிறாங்க. உருவுறதும் வெட்டுறதும் ஒரே அசைவாயிடுறதால நேரம் மிச்சம், உக்காந்திருக்கும்போது எவனாவது பாய்ஞ்சா உசுரைக் காப்பாத்தும். அவ்ளோதான். ஏற்கெனவே உருவி ரெண்டு கையிலயும் பிடிச்சு நிக்கிறவனை விட ஒத்தைக் கை உருவல் பலமா விழும்னு நினைச்சா போச்சு. உறைக்குள்ள வாளை அழுத்தி வச்சு, விரலைச் சுண்டுற மாதிரி விட்டா வேகம் கூடும்னு ஒரு தியரி இருக்கு பாருங்க, அதை தயவு செஞ்சு வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க. உறை மெல்லிசான மரம், வாளோட அடிப்பட்டை மட்டும் உறை வாய்ல இறுகிப் பிடிக்கும், மிச்சம் உள்ள லேசா நிக்கும். அந்த வாய்க்கு அவங்க வச்ச பேரு "கொய்குச்சி", அப்படின்னா கெண்டை மீன் வாய். கூர் பக்கத்தை அழுத்தி இழுத்தா கெண்டை வாய் பிளந்துக்கும், அதைப் பிடிச்சிருக்கிற இடது கை விரலு உள்ள போகும். அழுத்தாமலே விரலை அறுத்துக்கிட்டவங்க நிறைய.

கென்ஷினோட "கொல்லாத வாள்" வேற, கூர் உள்பக்கம் இருக்கும். ஒரு கிலோவுக்கு மேல எடை உள்ள இரும்புப் பட்டையை அந்த வேகத்துல பிடரியில இறக்குனா சாகமாட்டானா? கூர் இல்லாட்டி எலும்பு நொறுங்கிச் சாவான், அவ்ளோதான் கருணை. இன்னொரு சங்கதி, கதை நடக்கிறது 1878. பொது இடத்துல வாள் வச்சிருக்கக் கூடாதுன்னு 1876-லயே சட்டம் வந்தாச்சு. கதையில வர்ற சைட்டோ ஹஜிமே நிஜ ஆளு, பழைய ராணுவ ஆட்சிக்காக கியோத்தோவுல காவல் பார்த்த ஷின்சென்குமி படையில இருந்து அப்புறம் பேரை மாத்திக்கிட்டு போலீஸ் ஆனவரு, 1915 வரைக்கும் இருந்தாரு. அவர் நிஜமா கென்ஷினைப் பார்த்திருந்தா சண்டையே இல்ல, கேஸ்தான்.

ஸோரோவோட மூணு வாளைப் பத்தி நான் பேசப் போறதில்ல, அது பல் டாக்டர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. எதிரி அந்த வாய் வாளை ஒரு தட்டு தட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, முன்பல்லு அவனுக்குப் பரிசு. பல்லால கவ்விக்கிட்டு எப்படி டெக்னிக் பேரை கத்துறான்னுதான் எனக்கு இன்னும் புரியல. ரெண்டு வாள் உண்டு, மியாமோட்டோ முசாஷிங்கிற பழைய ஜப்பான் வாள் வீரர் அதையே ஒரு பள்ளியா நடத்தினாரு.

முசாஷின்னதும் எனக்கு ரத்தம் கொதிக்குது, காரணம் முசாஷி இல்ல, நம்ம பத்திரிகையில தொடர் எழுதுற ஒரு புண்ணியவான். 1612-ல ஒரு தீவுல முசாஷிக்கும் கொஜிரோங்கிற இன்னொரு வாள் வீரருக்கும் மோதல். கொஜிரோவோட வாள் மூணு ஷாக்கு, கிட்டத்தட்ட 91 சென்டிமீட்டர், சாதாரண வாளை விட ஒரு சாண் நீளம், அதுக்குக் கிண்டலா "துணி காயப் போடுற கழி"ன்னு பேரு. அவரோட "குருவித் திருப்பம்" டெக்னிக் பறக்கிற தகைவிலான் குருவியையே வெட்டுமாம். முசாஷி வேணும்னே மணிக்கணக்கா லேட்டா வந்து, படகுத் துடுப்பைச் செதுக்கின மரவாளோட இறங்கி, கோவத்துல நிதானம் இழந்த கொஜிரோவை மண்டையில ஒரே போடா போட்டாருன்னு கதை. இந்தக் கதையை எங்கயோ படிச்சுட்டு நம்ம தொடர்காரர் ஒவ்வொரு வாரமும் அச்சுக்கு ஃபார்ம் முடிக்கிற ராத்திரி "தாமதமும் ஒரு போர் உத்தி சார்"னு மெசேஜ் போடுறாரு. ஐயா, முசாஷி செத்து ஒன்பது வருஷத்துல, 1654-ல, அவரோட வளர்ப்புப் பிள்ளை இயோரி கொக்குராவுல ஒரு கல்லு வெட்டி வச்சிருக்காரு. அதுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து சேர்ந்தாங்கன்னுதான் இருக்கு. மரவாள் உண்டு, மூணு ஷாக்கு வாள் உண்டு, லேட்டு கிடையாது! லேட்டுங்கிறது பின்னாடி வந்த கதைசொல்லிங்க சேர்த்த மசாலா. இதைச் சொல்ல போன் போட்டேன், எடுக்கலை.

பில்டப்பான்னு கேட்டீங்கல்ல, அனிமேக்காரனை மட்டும் ஏன் திட்டுறீங்க, இந்தக் கல்லுக்கும் அந்தக் கதைக்கும் நடுவுலயே பில்டப் ஆரம்பிச்சாச்சு. குருவித் திருப்பம்னு ஒரு பேரைக் கேட்டா வாள் பள்ளியில சேரத் தோணுமா, "கீழ இறக்கிட்டு மறுபடி மேல வெட்டுறது"ன்னா தோணுமா?

நிஜ சண்டை வேணும்னா 1864 ஜூலை, கியோத்தோ, இக்கெதாயாங்கிற சத்திரம். ராத்திரி, புழுக்கம், உள்ள இருபது பேருக்கு மேல சதிக்கூட்டம். ஷின்சென்குமி தலைவர் கொண்டோ இசாமி கொஞ்சம் ஆளோட உள்ள புகுந்தாரு. முடிஞ்சப்புறம் ஊருக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்காரு, அதுல டெக்னிக் பேரு ஒண்ணும் இல்ல. கூட வந்த நககுராவோட வாள் ஒடிஞ்சு போச்சு, ஒக்கிதாவோட வாள் நுனி போச்சு, தோதோவோட வாள் விளிம்பு மூங்கில் சீவல் துடைப்பம் மாதிரி ஆயிருச்சு, என்னோடது பேர்போன கொல்லர் கொட்டெட்சு செஞ்ச வாளுங்கிறதால தப்பிச்சுது போல, அப்படின்னு பெருமை. அந்த கொட்டெட்சுவே டூப்ளிகேட்டுன்னு ஒரு பேச்சு உண்டு.

இந்தப் பாராவை கட்டானாங்கிற ஜப்பான் வாள் துப்பாக்கிக் குண்டையே ரெண்டாப் பிளக்கும்னு எனக்கு நாலு லெட்டர் போட்ட வாசகருக்கு சமர்ப்பிக்கிறேன். பிளக்கும் ஐயா, ஈயக் குண்டு மெத்துனு இருக்கும், உங்க வீட்டு வெண்ணெய்க் கத்தியில நேராப் பட்டாலும் பிளக்கும். நாலு மனுஷன் எலும்புல பட்டா என்ன ஆகும்னு கொண்டோ எழுதி வச்சிருக்காரு.

பந்தயத்துக்கு தீர்ப்பு: கத்தல் ஒர்க் ஆகும், உருவல் பாதி ஒர்க் ஆகும், காத்துல வெட்டு பறந்து போய் பத்தடி தள்ளி நிக்கிறவன் விழுறது ஆகவே ஆகாது. பந்தயக் காசை ரெண்டாப் பிரிச்சு பரோட்டா சாப்பிடுங்க.

(ப்ரூஃப் அண்ணன் பேனாவோட வந்து நிக்கிறாரு. புரோட்டாவாம்.)