ஸ்போர்ட்ஸ் மெடிசின் பிஜி: ஆர்த்தோ கிடைக்காதவர்கள்தான் எடுக்கிறார்களா?

கேள்வி: எம்பிபிஎஸ் முடித்துவிட்டேன். ஸ்போர்ட்ஸ் மெடிசினில் மேற்படிப்பு படிக்க ஆசை. "ஆர்த்தோ கிடைக்காதவர்கள் எடுப்பது" என்கிறார்கள் சீனியர்கள். "பிசியோ செய்கிற வேலைக்கு டாக்டர் எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்:

இந்த மாதிரிக் கேள்விகளைப் படித்துவிட்டுக் கடந்து போவதுதான் என் வழக்கம். "கிடைக்காதவர்கள்" என்று எழுதியிருந்ததுதான் உட்கார்ந்து பதில் எழுத வைத்துவிட்டது. நான் இந்தப் படிப்பை முடித்து, இதையே தொழிலாகச் செய்துகொண்டிருப்பவன். எனக்கு ஆர்த்தோ கிடைத்திருக்கும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், மதிப்பெண் பட்டியலை இங்கே ஒட்டப் போவதில்லை.

நீங்கள் அநேகமாக இன்டர்ன்ஷிப் முடித்த கையோடு இருப்பீர்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ ஏதாவது ஒரு அணியில் ஆடியிருப்பீர்கள். முட்டியிலோ கணுக்காலிலோ ஒரு பழைய அடி இருக்கும். இந்தப் பக்கம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் வருகிறோம். உங்கள் கதை வேறு என்றால் மன்னியுங்கள், அடுத்துப் படிப்பவருக்காவது ஆகும்.

முதலில் ஆர்த்தோ பேச்சை முடித்துவிடுவோம். ஆர்த்தோ எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சைத் துறை. விளையாட்டுக் காயங்களில் பெரும்பாலானவை ஆபரேஷன் தியேட்டர் பக்கமே போகாமல் ஆறுகிறவை. அமெரிக்காவில் இரண்டு வாசலும் உண்டு. ஆர்த்தோவில் ஐந்து வருஷம் முடித்துவிட்டு ஒரு வருஷம் ஸ்போர்ட்ஸ் ஃபெல்லோஷிப் என்கிற சிறப்புப் பயிற்சி செய்யலாம். குடும்ப மருத்துவம், அவசர மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்றவற்றை முடித்துவிட்டும் அதே மாதிரி ஃபெல்லோஷிப்புக்கு வரலாம். முதல் வாசலில் வந்தவர் கிழிந்த தசைநாரைத் தைப்பார். இரண்டாவது வாசலில் வந்தவர், தைக்கத் தேவையே இல்லாத மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். பிரிட்டன் 2005-லும் ஆஸ்திரேலியா 2009-லும் இதைத் தனிச் சிறப்புத் துறையாகவே அங்கீகரித்துவிட்டன. சர்வதேச விளையாட்டு மருத்துவக் கூட்டமைப்பு 1928-லேயே செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக்கின்போது தொடங்கப்பட்டது. நேற்று முளைத்த துறை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆர்த்தோ நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். என் நோயாளிகளை உங்களிடம்தான் அனுப்புகிறேன், இனியும் அனுப்புவேன்.

பாடத்திட்டத்தில் முட்டியும் தோளும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்து வந்தால் முதல் சில மாதங்களிலேயே திணறிப் போவீர்கள். இதயம் வரும். நீண்டதூர ஓட்டக்காரரின் இசிஜியில் நிமிடத்துக்கு 40 துடிப்பு இருந்தால் பயப்படக் கூடாது, அதே இசிஜியில் V5, V6 என்கிற இடது மார்புப் பதிவுகளில் டி அலை தலைகீழாக இருந்தால் பயப்படாமல் இருக்கக் கூடாது. 2021-இல் கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று மைதானத்தில் சரிந்ததை உலகமே நேரலையில் பார்த்தது. உடனே மார்பை அழுத்தினார்கள், டிஃபிப்ரிலேட்டர் கருவியால் இதயத்துக்கு ஷாக் கொடுத்தார்கள், இன்று அவர் உயிரோடு இருக்கிறார். வெப்பத் தாக்கு வரும். உடல் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி ஆள் குழப்பமாகப் பேசினால் முதலில் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வை, அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்று என்பது விதி. வார்டில் பழகிய கைக்கு இது நேர் எதிராகத் தெரியும். மாதவிடாய் நின்றுபோன ஓட்டக்காரப் பெண் கணைக்கால் எலும்பில் மயிரிழை முறிவோடு வருவாள். அங்கே பார்க்க வேண்டியது காலை மட்டுமல்ல, அவள் செலவழிக்கும் சக்திக்கு ஏற்றபடி சாப்பிடுகிறாளா என்பதை.

ஊக்கமருந்து விதிகள் தனிப் பாடம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆந்திரியா ரடுகான் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்ரவுண்ட் தங்கத்தை இழந்தார். காரணம், ஜலதோஷத்துக்கு அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் இருந்த சூடோஎபிட்ரின். அவருக்கு அப்போது 16 வயது. மருந்தை எழுதியது டாக்டர், பதக்கம் போனது பெண்ணுக்கு. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ட்ரிப்ஸ் ஏற்றினால், உள்ளே போவது வெறும் சலைன் என்றாலும் அது விதிமீறல். ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சை மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. 2022 முதல் போட்டி நேரத்தில் ஸ்டீராய்டு ஊசியை மூட்டுக்குள் போட்டாலும் தடை. தடை மருந்துப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரியும் மாறும். டிசம்பரில் சரியாக இருந்த டாக்டர் ஜனவரியில் தப்பாகிவிடலாம்.

சரி, இதையெல்லாம் படித்துக்கொள்ளலாம். படிக்க முடியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

பயிற்சிக் காலத்தில் ஓர் இளையோர் கால்பந்துப் போட்டி. அரையிறுதி, இரண்டாம் பாதி. கார்னர் பந்துக்கு எம்பியபோது எங்கள் அணிப் பையன் தலையும் எதிரணி ஆள் தலையும் மோதின. சத்தம் எங்கள் பெஞ்ச் வரைக்கும் கேட்டது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சேர்வதற்குள் அவன் எழுந்து நின்றுவிட்டான். "ஒண்ணுமில்ல டாக்டர், ஓகே" என்று கையை ஆட்டினான். கழுத்தில் வலி இல்லை. நடை நேராக இருந்தது. கண்ணும் தெளிவாகத்தான் இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் கேட்பதற்கு மேடக்ஸ் கேள்விகள் என்று ஐந்து உண்டு. எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசியாகக் கோல் போட்டது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா. மைதானத்தைச் சரியாகச் சொன்னான். இரண்டாம் பாதி என்றான். கடைசிக் கோல் யார் போட்டது என்றதும் திரும்பி ஸ்கோர்போர்டைப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தக் கோலைப் போட்டவனே அவன்தான்.

மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்துவிட்டால் அன்று ஆட்டம் முடிந்தது, அதற்கு மேல் பேச்சில்லை. இது என் சொந்தக் கருத்து அல்ல, உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட நெறி. மறுபடி ஆட வருவதற்கும் ஆறு படிகள் உண்டு, படிக்குக் குறைந்தது ஒரு நாள். ஆனால் எங்கள் அணியில் மாற்று ஆட்டக்காரர்களை எல்லாம் அதற்குள் இறக்கியாகிவிட்டது. இவனை வெளியே எடுத்தால் மீதி ஆட்டம் பத்துப் பேரோடு. கோச் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார். "பேசறான், நடக்கறான், இன்னும் என்ன சார் வேணும் உங்களுக்கு?" பையன் என் கையைத் தட்டிவிட்டான். கேலரியிலிருந்து அவன் அப்பா என்னவோ கத்துகிறார். என் சீனியர் பெஞ்ச் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், ஒரு வார்த்தை வரவில்லை. வந்து ஒரு வாய் சொன்னால் கோச் அடங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வரவில்லை. நான் ரெஃப்ரியைப் பார்த்து, இவன் வெளியே வருகிறான் என்று சைகை காட்டினேன்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

அன்று ராத்திரி பையனுக்கு வாந்தி, ஸ்கேனில் ரத்தக் கசிவு, கோச் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. லேசான தலைவலி, அதுவும் சீக்கிரம் போய்விட்டது. படிப்படியாகத் திரும்பி வந்து ஆடினான். "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கோச் அந்த சீசன் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சீனியர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டது ஒன்றுதான்: "என்ன கேட்ட, என்ன சொன்னான்னு எழுதிட்டியா? நேரம் போட்டியா?"

ஆஸ்பத்திரியில் நோயாளி நம்மைத் தேடி வருகிறார், நாம் சொல்வதைக் கேட்கிற மனநிலையில் வருகிறார். மைதானத்தில் நோயாளி நம்மிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறான், அவனைச் சுற்றி இருப்பவர்கள் அவனுக்கு உதவுகிறார்கள். நமக்குச் சம்பளம் தருகிறவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். பெரிய இடத்திலும் இதே கதைதான். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்து கால்பந்து கிளப் செல்சியின் ஆட்டத்தில் ரெஃப்ரி கூப்பிட்ட பிறகுதான் மருத்துவர் ஈவா கார்னெய்ரோ உள்ளே ஓடினார். அதற்காக மேலாளர் மொரின்யோ அவரைப் பகிரங்கமாகக் குறை சொன்னார். அவர் கிளப்பை விட்டு வெளியேறி, வழக்கு தீர்ப்பாயம் வரை போய், 2016-இல் சமரசத்தில் முடிந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வகுப்பில் யாரும் பாடம் நடத்தவில்லை, இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

பிசியோ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் கேட்டது நியாயமான கேள்விதான், கோபப்படாதீர்கள். மைதானத்தில் கட்டுப் போடுவது, தசையின் பலத்தைப் படிப்படியாக ஏற்றுவது, ஆட்டக்காரனின் மூடைப் படிப்பது எல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவர்கள் பிசியோக்கள்தான். இன்றும் முட்டிக்குள் இருக்கிற சிலுவைத் தசைநாரில் ஆபரேஷன் ஆனவனை எப்போது ஆட விடலாம் என்று நானும் பிசியோவும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறோம். 2016-இல் வந்த ஓர் ஆய்வு, திரும்பி ஆடுவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்றது. அதைக் காட்டி ஆறாம் மாதம் துடிக்கிற பையனை உட்கார வைப்பதில் பாதி வேலை அவர்களுடையது. நோய் நிர்ணயம், மருந்து, இதயம், மயக்கம், ஊசி, கடைசிக் கையெழுத்து என்னுடையது. ஒருவர் வேலையை இன்னொருவர் செய்வதில்லை.

இப்போது ஒரு புலம்பல். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போட்டி நடத்துகிறவர்கள் மைக் செட்டுக்குக் காசு தருகிறார்கள், கோப்பைக்குத் தருகிறார்கள், டாக்டர் என்றால் மட்டும் "சேவை". முடிவில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஷீல்டு. என் வீட்டு அலமாரியில் ஷீல்டு வைக்க இடமில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு போட்டியில் ஆம்புலன்ஸைச் சரியாக நுழைவாயில் பக்கம் நிறுத்தியிருந்தார்கள், போட்டோவில் தெரிகிற மாதிரி. அதற்கு முன்னால் விருந்தினர் கார்கள் இரண்டு வரிசை. டிஃபிப்ரிலேட்டர் எங்கே என்றேன். ஆபீஸ் ரூமில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார்கள். சாவி? சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருந்தார். அவர் வரும்வரை ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்று நான் நின்றதற்கு, "இந்த டாக்டர் ரொம்பப் பந்தா பண்றார்" என்று பெயர். அடுத்த வருஷம் கூப்பிடவில்லை. இத்தனைக்கும் இதயம் நின்ற பிறகு ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை எவ்வளவு தின்னும் என்பது அந்தக் குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அப்புறம் வார இறுதியில் ஆன்லைனில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டுப் பெயர்ப் பலகையில் "ஸ்போர்ட்ஸ் மெடிசின் நிபுணர்" என்று போட்டுக்கொள்பவர்கள். வேண்டாம், அதை ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. ஆன்லைன் படிப்பே வீண் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். ஃபிஃபாவின் கால்பந்து மருத்துவ டிப்ளமா இலவசம், நன்றாகவே இருக்கும். ஒலிம்பிக் கமிட்டியின் இரண்டு வருஷ டிப்ளமா அதைவிட ஆழம். இரண்டுமே அறிவைத் தரும். கோச் கத்தும்போது பக்கத்தில் கைகட்டி நிற்கிற சீனியரைத் தராது.

அதனால் கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். அங்கே இப்போது இறுதியாண்டு படிக்கிறவரைப் பிடித்துப் பேசுங்கள். மைதானத்துக்கு அனுப்புகிறார்களா, அனுப்பினால் மேற்பார்வைக்கு ஆள் வருகிறாரா, அல்லது இலவச டாக்டர் கேட்கிற போட்டிகளுக்கு ஆள் சப்ளை செய்கிறார்களா என்று கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் கருவி உங்கள் கையில் இருக்குமா, ரேடியாலஜி அறையில் எட்டிப் பார்க்க வேண்டுமா? இதய நோய்ப் பிரிவிலும் அவசரப் பிரிவிலும் சுழற்சி உண்டா? சர்க்கரை நோயாளிக்கும் மாரடைப்பு வந்து தேறியவருக்கும் எவ்வளவு உடற்பயிற்சி, எந்தத் தீவிரத்தில் என்று எழுதித் தரச் சொல்லிக்கொடுக்கிறார்களா? கடைசிக் கேள்வியை அலட்சியம் பண்ணாதீர்கள். வீரர்கள் மட்டுமே வருகிற கிளினிக் உலகத்தில் ரொம்பக் குறைவு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிறவர்களும், தோளைத் தூக்க முடியாத அலுவலக ஆட்களும்தான். வயிற்றுப்பாடு அவர்களால்தான் நடக்கிறது. கத்தி பிடிக்கிறவர்களுக்கு வருகிற அளவு காசு வராது, அதை மறைக்க விரும்பவில்லை.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், தெரிந்த அணி மருத்துவர் யாராவது இருந்தால் அவரோடு ஒரு போட்டி நாள் முழுக்கப் போய் நில்லுங்கள். வார்ம்அப்புக்கு முன்னால் போய், கடைசி ஆள் கிளம்பும்வரை. பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. வெயிலில் நின்று, பையில் இருக்கிற சாமான்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, யாரும் விழாமல் ஆட்டம் முடியும். அந்த நாள் உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் ஆர்த்தோவையே எடுத்துக்கொள்ளுங்கள்.