அரசு ரகசியத்தையும் காக்க வேண்டும், முறைகேட்டை வெளியே சொல்பவரையும் காக்க வேண்டும் என்றால், இரண்டும் ஒன்றாக நடக்குமா?

நடக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு தாளில் ரகசிய முத்திரை குத்தும் அதிகாரம் இருப்பவரே, அது வெளியே வந்தால் மாட்டிக்கொள்ளப் போகிறவராகவும் இருக்கக் கூடாது. இதைச் சரிசெய்யாமல் எத்தனை சட்டம் போட்டாலும் பயனில்லை என்பதுதான் என் கருத்து.

அரசுக்கு ரகசியமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். படை எந்தப் பக்கம் நகர்கிறது, துப்புக் கொடுத்தவர் யார், நாளைய தேர்வில் என்ன வினா என்பதெல்லாம் முன்கூட்டியே கசிந்தால் ஒருவரின் உயிர் போகலாம், பல பேரின் உழைப்பு வீணாகலாம். ஆனால் அதே முத்திரையைத் தவறை மூடி மறைக்கவும் குத்தலாமே, அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1948 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் பி-29 ரக ராணுவ விமானம் ஒன்று விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் ராணுவத்தைச் சேராத மூன்று பேரின் மனைவிகள் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். விபத்து அறிக்கையைக் காட்டுங்கள் என்றார்கள். ரகசியக் கருவிகளைச் சோதித்த விமானம் அது, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து, தர முடியாது என்றது விமானப்படை. 1953இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நீதிபதிகள் அந்த அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அரை நூற்றாண்டு போனபின், இறந்தவர்களில் ஒருவருடைய மகளின் கைக்கு அது கிடைத்தது. இன்ஜினில் தீப்பிடித்திருக்கிறது. அந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகச் செய்யச் சொல்லியிருந்த மாற்றங்களை அந்த விமானத்தில் செய்யவே இல்லை. அறிக்கையில் இருந்தது இதுதான். ரகசியக் கருவிகளின் நுட்பம் எதுவும் அதில் இல்லை. ஐம்பது வருடம் அந்தக் குடும்பங்கள் காரணம் தெரியாமலேயே இருந்திருக்கின்றன. இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அந்த நீதிபதிகள் செய்யாமல் விட்டதை நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 செய்யச் சொல்கிறது. புகாரை விசாரிக்கும்போது எந்த ஆவணத்தையும் தகவல் ஆணையம் வாங்கிப் பார்க்கலாம், எந்தக் காரணம் சொல்லியும் அதைத் தர மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 18(4). பிரிவு 8(2) இன்னும் ஒரு படி மேலே போகிறது: வெளியிடுவதால் வரும் கெடுதலைவிடப் பொதுநலன் பெரிது என்றால், 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இருந்தாலும்கூடத் தகவலைத் தரலாம். மறைக்க வேண்டிய வரிகளை மட்டும் நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்கப் பிரிவு 10 வழி வைத்திருக்கிறது. ஆக, வழி தெரியாமல் யாரும் தடுமாறவில்லை. ஆனால் 1923 சட்டமும் அப்படியே இருக்கிறது. ரகசியம் என்றால் என்ன என்று அதில் வரையறையே கிடையாது. அதை நீக்கிவிடலாம் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இலேயே சொல்லிவிட்டது.

அப்புறம், உள்ளே இருந்து சொல்பவரின் பாதுகாப்பு. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் சத்யேந்திர துபே, அங்கே நடந்த முறைகேடுகளை 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியே விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கடிதம் அவர் பெயரோடே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சிபிஐ. அது எப்படியோ இருக்கட்டும், நம்பி எழுதியவரின் பெயரை அரசால் காப்பாற்ற முடியவில்லை. நாட்டிலேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டிய ரகசியம் ஒன்று உண்டென்றால், அது புகார் கொடுத்தவரின் பெயர்தான்.

அதன்பிறகு 2004இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டு, இப்படிப்பட்ட புகார்களை வாங்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் கொடுத்தது. 2014இல் தனிச் சட்டமே வந்து, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் கொடுத்தார். ஆனால் பத்து வருடம் தாண்டியும் அது நடைமுறைக்கு வரவில்லை. பாதுகாப்பு, இறையாண்மை என்று சொல்லி அதன் வரம்பைச் சுருக்க 2015இல் ஒரு திருத்த மசோதா வந்தது. மக்களவையில் நிறைவேறியதோடு சரி, பிறகு காலாவதியாகிவிட்டது.

எல்லாவற்றையும் அள்ளி இணையத்தில் கொட்டுவது சரியா என்று நீங்கள் கேட்கலாம். முதலில் முறையான வழியில்தான் போக வேண்டும் என்பேன், சம்பந்தமே இல்லாத ஒருவரின் உயிருக்கு அப்படிக் கொட்டுவதால் ஆபத்து வரலாம் என்பதால். ஆனால் அந்த வழி குற்றம் சாட்டப்பட்டவரின் மேசையிலேயே போய் முடிகிறது என்றால், பத்திரிகையாளரிடம் போனவரை என்னால் குறை சொல்ல முடியாது.

உண்மையிலேயே புகார் அனுப்பும் எண்ணத்தோடு இதைப் படிக்கிறீர்கள் என்றால், 2004 தீர்மானத்தின்படி ஒட்டிய உறையில், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளர் பெயருக்கு அனுப்புங்கள். பொதுநல வெளிப்படுத்தல் புகார் ("Complaint under The Public Interest Disclosure") என்று உறைமேல் கட்டாயம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் பெயரைக் காக்கும் பொறுப்பு ஆணையத்துக்கு இல்லை. உங்கள் பெயரும் முகவரியும் உறைமேல் வரக் கூடாது. கடிதத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ, தனித்தாளிலோ இருந்தால் போதும். பெயரே இல்லாத மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "நான் அந்தக் கூட்டத்தில் இருந்தபோது" என்பதுபோல உங்களை அடையாளம் காட்டும் வரி ஒன்றுகூட உள்ளே வேண்டாம். பெற்றுக்கொண்டதாகப் பதில் வராது, அதுவும் உங்கள் பாதுகாப்புக்காகத்தான். மத்திய அரசு ஊழியர்கள், மத்திய அரசு நிறுவனங்கள் மீதான புகாருக்குத்தான் இது பொருந்தும். மாநில அரசு ஊழியர்கள் இந்தத் தீர்மானத்துக்குள் வர மாட்டார்கள்.