நேட்டால் போன பெரிய தாத்தா

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். ஒரே ஒரு கடிதம் வந்ததாம், அதுவும் இப்போது இல்லை. பழைய சென்சஸைப் பார்த்தால் அவரைப் பற்றித் தெரியும் என்கிறான் என் பேரன். பழைய பத்திரிகைகளிலும் தேடலாமா?
- வாசகி, வேலூர்

பதில்: சென்சஸ் உங்களுக்கு உதவாது, அம்மா. நம் நாட்டில் ஊர்வாரியாகவும் ஜில்லாவாரியாகவும் கூட்டிய எண்ணிக்கைதான் வெளியே வரும். ஆள் பெயர் எழுதிய படிவத்தைப் பார்க்க 1948-ம் வருட சென்சஸ் சட்டமும் இடம் தருவதில்லை. இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்துப் பெயரோடு திறந்துவிடுகிறார்கள். பேரன் அதைத்தான் கேள்விப்பட்டிருப்பான்.

ஆனால் உங்கள் பெரிய தாத்தாவுக்கு அதைவிட நல்ல ஆவணம் இருக்கிறது. 1860-ல் சென்னையிலிருந்து நேட்டாலின் துறைமுகமான டர்பன் போன 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் பேரைக் கப்பல்வாரியாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அப்புறம் அங்க அடையாளம். ஒரு போட்டோகூட இல்லாத மனிதருக்கு இடது காலில் தழும்பு இருந்தது என்று அந்த ஒரு வரியில் படித்தால் மனசு என்னவோ செய்யும். குவாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

தேடும்போது நம் எழுத்துக்கூட்டலை விட்டுவிடுங்கள். குமாஸ்தா தன் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். ஆரணி என்று மட்டும் தேடாமல் வட ஆற்காடு ஜில்லா என்றும் பாருங்கள். மூன்சாமிகள் எத்தனையோ பேர் வருவார்கள். அப்பா பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள்.

அதனால் முதல் வேலை வீட்டில்தான். உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? பரணில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தையோ பாகப் பிரிவினைப் பத்திரத்தையோ எடுத்துப் பாருங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியிருக்கும். ஊருக்கு அன்றைக்கு வழங்கிய பெயரும் அதிலேயே கிடைக்கும். திதி கொடுக்கிற வழக்கம் உண்டென்றால், மூன்று தலைமுறைப் பெயர் சொல்லத் தெரிந்தவர் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். வயதானவர்களை இந்த மாதமே கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. நேட்டாலில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றத் துறையின் பழைய கோப்புகள் இருக்கின்றன. அங்கே கேட்க அந்த எண் கையில் வேண்டும்.

பத்திரிகை என்றால் 1903-ல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்'. ஆரம்பத்தில் அதில் தமிழ்ப் பக்கங்களும் வந்தன. 1913-ல் தோட்டத் தொழிலாளர்களும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்து சிறை போனார்கள். உங்கள் பெரிய தாத்தா அப்போது அங்கே இருந்திருந்தால் அந்த வருட இதழ்களைப் புரட்டலாம். ஆனால் சாதாரணக் கூலிக்காரர் பெயர் பத்திரிகையில் வருவது அபூர்வம். முதலில் கப்பல் பட்டியலை முடியுங்கள்.

அப்பா பெயர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடலாம் என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்புகிறேன்.